பழைய சுங்கானின் முத்திரைகளைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சுங்கான் (புகையிலை நிரப்பிப் புகைக்கும் பைப்) ஒன்றின் படத்தை அனுப்பி, "இது யார் செய்தது, எந்தக் காலத்தது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் முழு உருவத்தைத்தான் படம் பிடித்திருப்பார்கள். உருவத்தை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. நேரான தண்டும் உருளையான கிண்ணமும் கொண்ட அந்த எளிய வடிவத்தை லண்டனிலும் பாரிசிலும் டப்ளினிலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் செய்திருக்கிறார்கள். செய்தவரையும் காலத்தையும் காட்டிக்கொடுப்பவை மரத்திலும் பூணிலும் வாய்க்குழலிலும் குத்தப்பட்ட சிறு முத்திரைகள். நான் சுங்கான் பிடிப்பவன் அல்லன். அந்த எழுத்துகளுக்காகவே சேர்க்கிறேன். இங்கே பிரிட்டன், அயர்லாந்துச் சுங்கான்களைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். அவற்றில்தான் படிப்பதற்கு நிறைய இருக்கிறது.

முத்திரைகளை எங்கே தேட வேண்டும்?

முதலில் உறுப்புகளின் பெயர்கள். புகையிலை நிரப்பும் பகுதி கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி தண்டு. வாயில் வைக்கும் பகுதி வாய்க்குழல். தண்டும் வாய்க்குழலும் சேரும் இடத்தைச் சுற்றியிருக்கும் உலோக வளையம் பூண்.

பிடிப்பவர் வாயில் வைத்துக்கொள்வதுபோலச் சுங்கானைப் பிடியுங்கள். பொதுவாகத் தண்டின் இடப்பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும், அதன்கீழ் அந்த வரிசையின் பெயரும் இருக்கும். வலப்பக்கத்தில் நாட்டின் பெயரும் வடிவ எண்ணும் இருக்கும். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய சுங்கான்களில் தண்டின் அடியில் ஒரு சிறு பட்டையை மட்டும் வழவழப்பாக விட்டு, எல்லாவற்றையும் அங்கே குத்தியிருப்பார்கள். பூணைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வாய்க்குழலின் மேற்புறத்தையும் இடப்புறத்தையும் பாருங்கள். வாய்க்குழலை மெல்லத் திருகிக் கழற்றி, உள்ளே செருகும் முனையையும் பாருங்கள்.

மரம், பூண், வாய்க்குழல் மூன்றும் மூன்று சாட்சிகள். மூன்று இடங்களில், சில வேளைகளில் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகள் செய்தவை. மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் அந்தச் சுங்கானின் வயதை நம்பலாம். ஒன்று மட்டும் மாறிச் சொன்னால் எதை மாற்றினார்கள், எப்போது பழுதுபார்த்தார்கள் என்று தேட வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்கள் எல்லாம் எளிதாக விளங்கும்.

எழுத்து மங்கிப்போய்விட்டது. எப்படிப் படிப்பது?

கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்வதைச் செய்யுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் தண்டுக்கு இணையாக, ஏறக்குறைய மரத்தைத் தொடும் அளவுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். சுங்கானை நகர்த்தாமல் விளக்கை மட்டும் மெல்லச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் இரண்டு எழுத்து தெரியும். இன்னொரு கோணத்தில் அடுத்த இரண்டு. ஒவ்வொரு கோணத்திலும் ஒரு படம் எடுத்து, பிறகு சேர்த்துப் படியுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல இதற்கு மை பூசிவிடாதீர்கள். எண்ணெயும் வேண்டாம். மரம் உறிஞ்சிக்கொண்டால் பிறகு எடுக்க முடியாது.

"ரியல் பிரையர்", "புருயேர் கராந்தி", "லண்டன் மேட்" என்றெல்லாம் இருக்கிறது. இதில் எது நிறுவனத்தின் பெயர்?

எதுவும் இல்லை. பிரையர் என்பது மரத்தின் பெயர், பிரெஞ்சில் புருயேர். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள அல்ஜீரியா, கோர்சிகா, கலாப்ரியா, கிரேக்கம் ஆகிய இடங்களில் வளரும் ஒருவகைப் புதர்மரத்தின் அடிவேர் முண்டு அது. வெப்பம் தாங்கும், எளிதில் கருகாது. 1850களில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சேன்-குளோத் ஊரில் அதைக் கடைந்து சுங்கான் செய்யத் தொடங்கினார்கள். அங்கிருந்து அது உலகம் முழுவதும் பரவியது. ஆகவே "ரியல் பிரையர்" என்றால் உண்மையான பிரையர் மரம், "புருயேர் கராந்தி" என்றால் பிரையர் என்பதற்கு உத்தரவாதம், அவ்வளவுதான். "இம்போர்ட்டட் பிரையர்" என்று அமெரிக்கச் சுங்கான்களில் இருப்பது மரம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. சுங்கான் உள்ளூரில் செய்ததே. இந்தச் சொற்கள் மட்டுமே இருந்து வேறு பெயர் எதுவும் இல்லையென்றால், ஏதோ ஒரு கடைக்காகப் பெயரின்றிச் செய்துகொடுத்த சுங்கான் என்று கொள்ளலாம்.

பூணில் சிறுசிறு கட்டங்களில் சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து என்று இருக்கின்றன. அவை என்ன?

இதைக் கேட்பவர்களுக்கு நான் நல்ல செய்தி சொல்ல முடியும். சுங்கானில் ஆண்டைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய இடம் இதுதான். தங்க நகையில் 916 முத்திரை பார்த்துப் பழகிய நமக்கு ஹால்மார்க் புதிதல்ல. பிரிட்டனில் வெள்ளிக்கு அதைப் பல நூற்றாண்டுகளாகச் சட்டப்படி குத்திவருகிறார்கள்.

இங்கிலாந்துப் பூணில் வழக்கமாக நான்கு கட்டங்கள் இருக்கும். நடந்துசெல்லும் சிங்கம், வெள்ளி ஆயிரத்துக்கு 925 பங்கு தூயது என்பதற்கான அடையாளம். இரண்டாவது, சோதனை செய்த ஊர்: நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன், மூன்று கதிர்க்கட்டுகளும் ஒரு வாளும் என்றால் செஸ்டர். செஸ்டர் அலுவலகத்தை 1962ல் மூடிவிட்டார்கள். ஆகவே அந்த முத்திரை உள்ள பூண் அதற்குப் பிந்தையதாக இருக்க வழியில்லை. மூன்றாவது, ஒற்றை எழுத்து. அதுதான் ஆண்டு. நான்காவது, பூணைச் சோதனைக்கு அனுப்பியவரின் பெயரெழுத்துகள்.

ஆண்டெழுத்தைப் படிக்கும்போது பொறுமை வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி வரிசை. பர்மிங்ஹாமில் 1900ல் சிறிய 'ஏ'யில் புதிய வரிசை தொடங்கியது. 1901 'பி', 1902 'சி', 1903 'டி' என்று போகும். 1925ல் பெரிய 'ஏ'யுடன் அடுத்த வரிசை. லண்டனில் 1896ல் ஒரு வரிசை, 1916ல் அடுத்தது, 1936ல் அதற்கடுத்தது. அங்கே இருபது எழுத்துகளுடன் வரிசை முடிந்துவிடும். ஒரே எழுத்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், எழுத்து பெரியதா சிறியதா, எந்த அச்சு வடிவம், சுற்றியுள்ள கேடயத்தின் ஓரம் வளைவா கூர்மையா என்று எல்லாவற்றையும் பார்த்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். 1975க்கு முன் இந்த எழுத்து ஜனவரியில் மாறவில்லை. பர்மிங்ஹாமில் ஜூலையில், லண்டனில் மே மாதத்தில் மாறியது. எனவே பர்மிங்ஹாம் சிறிய 'டி' என்றால் 1903-04 என்று எழுதுவதே சரி.

பெயரெழுத்துகளில் அடிக்கடி வருபவை: 'ஏஎஃப் அண்ட் கோ' என்றால் லண்டனின் அடால்ஃப் ஃபிராங்காவ் நிறுவனம், சாய்சதுரத்துக்குள் 'பிபிபி' (BBB) என்று மரத்தில் குத்தியவர்கள் அவர்கள். 'இபி' (EB) மேலும் 'டபிள்யூபி' (WB) கீழுமாக இருந்தால் பார்லிங். 'எல் அண்ட் கோ' என்றால் 1856 முதல் லண்டனில் இருந்த லோவ். 'கே அண்ட் பி' என்றால் டப்ளினின் காப் அண்ட் பீட்டர்சன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இந்த ஆண்டு பூணுக்கு உரியது. விரிந்துபோன தண்டை இறுக்குவதற்காகப் பிற்காலத்தில் வெள்ளிப் பூண் போடுவது பழைய வழக்கம். பூணின் அடியில் நிறுவனப் பெயரின் பாதி எழுத்து மறைந்திருந்தால், அந்தப் பூண் பின்னால் வந்தது. தொழிற்சாலையில் போட்ட பூணாக இருந்தால் பெயரை அதற்குத் தள்ளிக் குத்தியிருப்பார்கள்.

என் சுங்கானின் பூணிலும் மூன்று கட்டங்கள் உள்ளன. ஆனால் சிங்கம் இல்லை. ஓர் இலை, ஒரு நாய், ஒரு கோபுரம். இது எந்த ஊர் ஹால்மார்க்?

எந்த ஊருக்கும் உரியதல்ல. மூவிலைச் செடி, அயர்லாந்து வேட்டைநாய், வட்டக் கோபுரம் மூன்றும் அயர்லாந்தின் அடையாளங்கள். பீட்டர்சன் நிறுவனம் நிக்கல் பூண்களில் அலங்காரத்துக்காகக் குத்தியது. வெள்ளியும் இல்லை, ஆண்டும் இல்லை. இதை வெள்ளி என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். டப்ளினின் உண்மையான முத்திரையில் அமர்ந்திருக்கும் பெண் உருவம், முடிசூடிய யாழ், ஆண்டெழுத்து ஆகியவை இருக்கும்.

'இபி' (EP) என்று மட்டும் குத்தியிருந்தால் வெள்ளி முலாம் பூசியது. முலாம் பூசிய பூண்களிலும் தள்ளி நின்று பார்த்தால் ஹால்மார்க் போலவே தோன்றும் கட்டங்களைக் குத்துவார்கள். சிங்கம் தெளிவாக இல்லாவிட்டால் வெள்ளி என்று முடிவு செய்ய வேண்டாம்.

பீட்டர்சன் சுங்கானில் ஹால்மார்க் இல்லாவிட்டால் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நாட்டின் வரலாறே தண்டில் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பற்று வந்ததே இதைப் படிக்கத் தெரிந்த நாளில்தான்.

நியூரம்பெர்க்கிலிருந்து வந்த காப் சகோதரர்களின் டப்ளின் கடையோடு சேர்ந்துகொண்ட லாட்வியக் கைவினைஞர் சார்லஸ் பீட்டர்சன். புகையோடு வரும் ஈரம் தண்டின் உள்ளே ஒரு சிறு குழியில் தேங்கும்படி அவர் அமைத்த சுங்கானுக்கு 1890ல் காப்புரிமை கிடைத்தது. "சிஸ்டம்" என்று குத்தப்பட்டிருப்பது அதுதான். அடுத்து, புகை நாக்கைச் சுடாமல் மேலண்ணத்தை நோக்கிப் போகும்படி மேற்புறத்தில் துளை உள்ள வாய்க்குழலையும் அவர் செய்தார்.

இனி நாட்டின் பெயரைப் பாருங்கள். "ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்" என்று இருந்தால் அந்த அரசு இருந்த 1922 டிசம்பர் முதல் 1937 டிசம்பர் வரையிலான காலத்தை ஒட்டியது. புதிய அரசியலமைப்பு வந்ததும் நாட்டின் பெயர் ஏர் ஆனது. "மேட் இன் ஏர்" முத்திரை அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மட்டுமே குத்தப்பட்டது, எனவே குறைவாகவே கண்ணில் படும். வட்டமாகச் சுற்றி "மேட் இன் அயர்லாந்து" என்று இருந்தால் பெரும்பாலும் 1940கள். 1949 ஏப்ரலில் நாடு குடியரசானது. மூன்று அல்லது நான்கு வரிகளில் "மேட் இன் த ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து" என்று இருப்பது அதற்குப் பிந்தையது. "மேட் இன் இங்கிலாந்து" என்று இருந்தாலும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பீட்டர்சனுக்கு லண்டனிலும் பட்டறை இருந்தது.

ஓர் எச்சரிக்கையோடு இதைப் பயன்படுத்துங்கள். பழைய அச்சு தேயும்வரை பட்டறையில் அதையே குத்திக்கொண்டிருப்பார்கள். அரசு மாறிய மறுநாளே முத்திரை மாறியது என்று நினைக்க முடியாது. "பீட்டர்சன்" என்ற சொல்லின் 'பி' எழுத்தின் கால் இரண்டாகப் பிளந்திருந்தால் 1950க்கு முந்தையது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பிளந்த கால் பிற்காலத்திலும் வந்திருக்கிறது. அதை மட்டும் நம்பிக் காலம் சொல்ல வேண்டாம்.

வாய்க்குழலில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. அப்படியானால் டன்ஹில்தானே?

இருக்கலாம். வெள்ளைப் புள்ளி வைத்த வேறு சுங்கான்களும் உண்டு, டன்ஹில் அல்லாத தண்டில் டன்ஹில் வாய்க்குழலைப் பொருத்தியவையும் உண்டு. முடிவை மரத்தில் உள்ள முத்திரைக்கு விட்டுவிடுங்கள்.

ஆல்ஃபிரெட் டன்ஹில் 1907ல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். 1910ல் சொந்தமாகச் சுங்கான் செய்யத் தொடங்கினார். வாய்க்குழலின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் குழம்பியதால் மேற்புறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தார் என்று சொல்வார்கள். ஆகவே புள்ளி பக்கவாட்டில் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

இந்த நிறுவனத்தின் பெருங்கொடை ஆண்டு எண். 1921 முதல் "மேட் இன் இங்கிலாந்து" என்பதை ஒட்டி ஒரு சிறு எண் குத்தினார்கள். 1960க்குப் பிந்தையவற்றில் கணக்கு எளிது: அந்த எண்ணோடு 1960ஐக் கூட்டுங்கள். 15 என்றால் 1975. 23 என்றால் 1983. அதற்கு முன் எண்கள் மீண்டும் மீண்டும் சிறியதிலிருந்து தொடங்கியதால், 5 என்பதைப் பார்த்ததும் 1965 என்று எழுதிவிட முடியாது. 1955ஆகவும் இருக்கலாம், 1925ஆகவும் இருக்கலாம். அங்கே உடனிருக்கும் மற்ற முத்திரைகள் துணைக்கு வரும். காப்புரிமை எண் குத்தியிருந்தால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தையது. வட்டத்துக்குள் 1 முதல் 6 வரை ஓர் எண் இருந்தால் அது அளவைக் குறிக்கும். அந்த வழக்கம் 1950களில் வந்தது. வட்டத்தை அடுத்து வரும் எழுத்து மெருகின் வகை: 'எஸ்' என்றால் மணல் வீசிய ஷெல், 'ஏ' என்றால் செந்நிறப் புருயேர், 'ஆர்' என்றால் ரூட் பிரையர், 'டி' (T) என்றால் டான்ஷெல்.

ஓர் எடுத்துக்காட்டு. தண்டில் "எல்பி", வட்டத்துக்குள் 4, பக்கத்தில் 'எஸ்', பிறகு "மேட் இன் இங்கிலாந்து 15" என்று இருக்கிறது. எல்பி என்பது பெரிய நேர்வடிவம், நான்காம் அளவு, ஷெல் மெருகு, 1975. இதே சுங்கானில் கிண்ணம் சொரசொரப்பின்றி வழவழப்பாக இருந்தால் 'எஸ்' பொய்யாகிவிடும். யாரோ மரத்தைத் தேய்த்திருக்கிறார்கள் அல்லது முத்திரையே போலி. ஒவ்வோர் எழுத்தையும் பொருளோடு ஒப்பிட முடிவதால்தான் டன்ஹில்லில் போலியைப் பிடிப்பது எளிது. போலி செய்பவர்கள் பெயரைக் கவனமாகக் குத்துகிறார்கள். மற்ற எழுத்துகளின் பொருள் அவர்களுக்குத் தெரிவதில்லை. 1970களின் பிற்பகுதியில் இந்த முறை மாறி நான்கு இலக்க எண் வந்தது. அதில் முதல் இலக்கம் அளவு, இரண்டாவது வாய்க்குழலின் வகை, கடைசி இரண்டும் கிண்ணத்தின் வடிவம்.

"417574/34" என்று இருக்கிறது. 1934ல் செய்ததா?

இல்லை. அது டன்ஹில்லின் காப்புரிமை எண். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது காப்புரிமையின் ஆண்டு. 1954 வரைகூட இந்த எண்ணைக் குத்தியிருக்கிறார்கள். டன்ஹில்லிலிருந்து பிரிந்து தனியே தொழில் தொடங்கிய ஜோயல் சசீனியின் சுங்கான்களில் உள்ள "150221/20" என்பதும் இதே வகை. டென்மார்க்கின் ஸ்டான்வெல்லில் "969-48" என்று இருப்பது 1948ல் பதிவான வணிகக் குறியின் எண். ஒரு சுங்கான் இந்த ஆண்டுக்கு முந்தையதல்ல என்பதை மட்டுமே இவை சொல்லும்.

சசீனியில் எண்ணைவிட எழுத்தைப் பாருங்கள். பெயரின் கடைசி எழுத்து மீன்வால் போல விரிந்திருந்தால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. வாய்க்குழலில் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள், பிறகு நான்காக்கினார்கள்.

பார்லிங் சுங்கானை விற்பவர்கள் "குடும்பக் காலத்தது" என்று சொல்கிறார்களே, அதை எப்படிச் சரிபார்ப்பது?

பார்லிங் லண்டனின் பழம்பெரும் பெயர்களில் ஒன்று. 1960ல் குடும்பம் நிறுவனத்தை விற்றது. பிறகும் அதே பெயரில் சுங்கான்கள் வந்தன, ஆனால் சேகரிப்பவர்கள் முந்தையவற்றுக்கே மதிப்புக் கொடுக்கிறார்கள். பழைய முத்திரையில் பெரிய எழுத்துகளில் "பார்லிங்ஸ்" என்று வில்போல் வளைந்தும், கீழே "மேக்" என்று நேராகவும் இருக்கும். விற்ற சில ஆண்டுகளில் அது கையெழுத்துப் போன்ற சாய்வெழுத்தில் "பார்லிங்" என்று மாறியது. அளவை எழுத்துகளால் குறிப்பதும் பழைய பழக்கம்: "எல்" பெரியது, "இஎல்" அதைவிடப் பெரியது, "எக்செல்" இன்னும் பெரியது.

கோமாய்ஸ், ஜிபிடி சுங்கான்களில் வாய்க்குழலைப் பார்த்தே காலம் சொல்லலாமா?

ஓரளவு சொல்லலாம். லண்டன் நிறுவனமான கோமாய்ஸின் வாய்க்குழலில் ஒரு வெள்ளை 'சி' பதிந்திருக்கும். பழையவற்றில் அது மூன்று வேலைகளில் உருவானது: துளையிட்டு வெள்ளைத் துண்டைச் செருகுவார்கள், அதன் நடுவில் துளையிட்டுக் கறுப்பைச் செருகுவார்கள், பிறகு ஒரு பக்கம் வெட்டி மீண்டும் கறுப்பை வைப்பார்கள். வட்டம் 'சி' ஆகிவிடும். லென்ஸில் பார்த்தால் இணைப்புகள் தெரியும். 1980களில் இந்த நுணுக்கம் போய்விட்டது. தண்டில் வட்டமாக "மேட் இன் லண்டன்", கீழே "இங்கிலாந்து" என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது.

ஜிபிடி (GBD) என்பது 1850ல் பாரிசில் தொழில் தொடங்கிய கானவால், போந்தியே, தோனிங்கே மூவரின் முதலெழுத்துகள். முட்டைவடிவப் பித்தளைத் தகட்டை வாய்க்குழலில் பதிப்பார்கள். 1981ல் இந்த நிறுவனமும் கோமாய்ஸும் ஒரே குடையின்கீழ் வந்த பிறகு பித்தளை நின்றுபோய் வெறும் அச்சாகிவிட்டது.

களிமண் சுங்கானில் "டிடி" (TD) என்று இருக்கிறது. அது யார்?

இனி யாரும் இல்லை. தொடக்கத்தில் அது ஒரு கைவினைஞரின் முதலெழுத்தாக இருந்தது. வாங்குபவர்கள் அந்த எழுத்தையே தரத்தின் அடையாளமாகப் பிடித்துக்கொண்டதால், மற்றவர்களும் அதைக் குத்தத் தொடங்கினார்கள். 20ஆம் நூற்றாண்டு வரை பல நாடுகளில் பல பட்டறைகள் "டிடி" குத்தியிருக்கின்றன. செய்தவரின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது.

களிமண்ணில் பெயர் ஏமாற்றுவது இன்னொரு விதத்திலும் உண்டு. "காம்பியே, பாரிஸ்" என்று குத்தியவை பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஜிவே என்ற சிறு ஊரில் செய்தவை. அந்தத் தொழிற்சாலை 1780 முதல் 1926 வரை இயங்கியது. நெதர்லாந்தின் கௌடா ஊர்ச் சுங்கான்களில் முத்திரையைக் கிண்ணத்தின் அடியில் உள்ள சிறு குமிழில் பாருங்கள். குமிழின் பக்கவாட்டில் ஊர்ச் சின்னம் இருந்தால் 1740 வாக்கிலோ அதற்குப் பிறகோ செய்தது; சின்னத்தின்மேல் 'எஸ்' இருந்தால் சாதாரணத் தரம். தண்டில் "ஸ்காட்லாந்து" போல நாட்டின் பெயர் இருந்தால், இறக்குமதிப் பொருளில் நாட்டைக் குறிக்கச் சொன்ன 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்துக்குப் பிந்தையது என்று கொள்ள இடமுண்டு.

எழுத்தே இல்லாத களிமண் துண்டுகளுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் அகழாய்வு செய்த ஜே.சி. ஹாரிங்டன் 1954ல் அதை வெளியிட்டார். காலம் செல்லச் செல்ல ஆங்கிலேயச் சுங்கான்களின் துளை குறுகிக்கொண்டே போனதை அவர் கவனித்தார். துரப்பண முனைகளைச் செருகி அளந்தார். 1620-1650ல் அங்குலத்தில் 64இல் 8 பங்காக இருந்த துளை 1750-1800ல் 4 பங்காகிவிட்டது. நிறையத் துண்டுகள் கிடைக்கும் அகழ்குழிக்கு இது நல்ல கருவி. கையில் உள்ள ஒரே ஒரு சுங்கானுக்கு இதைக்கொண்டு காலம் சொல்லக் கூடாது.

வெண்கல் சுங்கானில் முத்திரையே இல்லையே?

துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கும் மெர்ஷாம் என்ற மென்மையான கல் அது. செதுக்கியவர்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்கவில்லை. பூணையும் பெட்டியையும் பாருங்கள். வெள்ளிப் பூணில் டயானா தெய்வத்தின் தலை இருந்தால் 1867 முதல் 1922 வரையிலான ஆஸ்திரிய முத்திரை. பெட்டியின் உட்புறத் துணியில் தங்க எழுத்தில் கடையின் பெயர் இருக்கும். ஆனால் பெட்டியும் சுங்கானும் அச்சுப்போல் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

சுத்தம் செய்யலாமா?

முத்திரையைத் தொடாமல் செய்யலாம்.

நான் முதலில் வாங்கிய சுங்கான் கறுத்து, அழுக்கேறி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன். மரத்தின் ரேகைகள் அழகாக வெளிவந்தன. தண்டின் இடப்பக்கத்தில் வளைந்த எழுத்துகளின் சுவடு ஒன்று இருந்ததை மாலையில்தான் கவனித்தேன். அதன்கீழே "மேக்" என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். என்ன பெயராக இருந்திருக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவர் தன் பெயரைக் குத்தி அனுப்பியதை நான் அழித்துவிட்டேன். அதை இன்றும் வைத்திருக்கிறேன்.

எனவே: மரத்தில் உப்புத்தாள் கூடாது. ஈரம் பிழிந்த மெல்லிய துணி போதும். வாய்க்குழல் பெரும்பாலும் கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். வெயில் பட்டுப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். அதை ஊறவைத்துச் சுத்தம் செய்வதாக இருந்தால், முன்னதாக முத்திரையின்மேல் வாசலின் தடவி மூடிவிடுங்கள். வெள்ளிப் பூணை வீட்டு வழக்கப்படி விபூதி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது பொருந்தும். அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாத ஆண்டெழுத்து பத்துத் தேய்ப்பில் மழுங்கிவிடும். சிங்கம் தெரிகிற அளவுக்குக் கறுப்பு நீங்கினால் நிறுத்திவிடுங்கள். எழுத்தின் பள்ளத்தில் தங்கியிருக்கும் கறுப்பு இருந்தால்தான் படிக்க முடியும்.

வாய்க்குழல் மாற்றப்பட்டது என்று எப்படித் தெரியும்?

மூடிய கண்ணோடு விரலை மரத்திலிருந்து வாய்க்குழலுக்கு ஓட்டிப் பாருங்கள். ஒரே கையில் சேர்த்து மெருகிட்டவையாக இருந்தால் இணைப்பில் விரல் தடுக்காது. தடுக்கினால் சந்தேகம். நிறுவனத்தின் குறி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் மாற்றப்பட்டதாகவே கொள்ளுங்கள். அதனால் சுங்கானைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வாய்க்குழல் பல்லில் தேயும், மாற்றுவது இயல்பு. விற்கும்போது அதைச் சொல்லிவிட்டால் போதும்.

உங்களிடம் கேட்பதற்கு என்னென்ன படங்கள் அனுப்ப வேண்டும்?

தண்டின் இடம், வலம், அடி மூன்றும் தனித்தனியாக, சாய்வெளிச்சத்தில். பூணின் ஒவ்வொரு கட்டமும் நெருக்கமாக. வாய்க்குழலின் குறி. கழற்றிய நிலையில் இணைப்பு. கடைசியாக, அளவுகோலை வைத்து முழு உருவம். இவற்றோடு அது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் இரண்டு வரிகளில் எழுதுங்கள்: யாரிடம் இருந்தது, எந்த ஊரில், ஏறக்குறைய எந்த ஆண்டில். படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல், அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கல்வெட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.